வணிக வழக்கு நடத்தச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. மகனுக்கு வணிக வழக்கு நடத்தும் வழக்கறிஞராக ஆசை. "அதுக்கெல்லாம் சென்னைதான், சேலத்துல பாகப்பிரிவினையும் ஜாமீனும்தான்" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்களாம். அது உண்மையா என்பது முதல் கேள்வி. நான் கோர்ட்டுக்கும் போகிறேன், கல்லூரியில் பாடமும் எடுக்கிறேன். சட்டப்படி அப்படிச் செய்யலாமா, செய்தால் இரண்டும் உருப்படுமா என்பது அடுத்த கேள்வி.

சட்டப்படி செய்யலாமா என்பதற்குச் சுருக்கமான பதில் இருப்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். செய்யலாம். வழக்கறிஞர்கள் சட்டம் கற்பிப்பது பற்றி 1979-இல் மத்திய அரசு தனியாக விதி போட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்வி நிறுவனத்தில், ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பித்தால் அது பகுதிநேர வேலை, தொழிலுக்குத் தடையில்லை. முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் கதை வேறு: சன்னதை, அதாவது வழக்கறிஞர் பதிவை, நிறுத்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டாக்டராக இருந்துகொண்டே வக்கீலாகவும் பதிவு செய்யக் கேட்ட ஒருவருக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. அவ்வளவு கறாரான தொழிலில் பாடம் சொல்வதற்கு மட்டும் இப்படி வழிவிட்டிருப்பது சின்ன விஷயமில்லை. நீங்களும் பின்னால் பாடம் எடுக்க வேண்டுமென்றால் எல்.எல்.எம்.-ஐ இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முதல் கேள்வி. சேலத்தில் வணிக வழக்கு இருக்கிறதா என்று கேட்கிறவர் செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்! வீட்டு வாசலில் இறங்கி லீ பஜார் வரை நடந்து பாருங்கள், தம்பி. மண்டியில் மூட்டை இறங்கும்போது கையெழுத்தாகிற ரசீது, பட்டறைக்குப் போகிற கட்டி வெள்ளி, இளம்பிள்ளையிலிருந்து வெளி மாநிலத்துக்குக் கடனுக்குப் போகிற சேலை பண்டல், சங்ககிரி லாரிக்குப் பேசுகிற வாடகை, ஆத்தூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து வருகிற ஜவ்வரிசி, ஏற்காட்டுக் காபிக்கும் மிளகுக்கும் கொடுக்கிற முன்பணம். எல்லாமே ஒப்பந்தம்தான். இதில் ஒவ்வொன்றிலும் நூற்றில் சில கெட்டுப்போகும். கெட்டுப்போனது நம்மிடம் வரும்.

உங்கள் காதில் விழுந்த பேச்சுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இல் வந்தபோது குறைந்தபட்ச வழக்கு மதிப்பு ஒரு கோடி ரூபாய். அந்தக் கணக்கில் சேலத்து வழக்கு பெரும்பாலும் வெளியே நின்றது. 2018-இல் திருத்தம் வந்து அதை 3 லட்சமாகக் குறைத்தார்கள். 3 லட்சம் எவ்வளவு? ஒரு லாரி லோடு ஜவ்வரிசியின் விலையே அதைத் தாண்டும். ஆக, பத்து வருடத்துக்கு முன்னால் சாதாரணப் பணவசூல் வழக்காகப் போட்டுவிட்டு வாய்தா வாங்கிக்கொண்டிருந்த அதே வழக்குக் கட்டு இன்று வணிக வழக்கு. போடுகிற முறை வேறு, கெடு வேறு. இதை உணராதவர்கள் எங்கள் வழக்கறிஞர் சங்கத்திலும், எங்கள் பாரிலும், இருக்கிறார்கள், எல்லா பாரிலும் இருக்கிறார்கள்.

வேலை இருக்கிறது. அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதைப் படித்து அறியவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

தொழிலுக்கு வந்து ஆறோ ஏழோ வருடம் ஆகியிருந்தது. ஒரு கொலுசு மொத்த வியாபாரி என் கட்சிக்காரர். வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்குச் சரக்குக் கொடுத்திருந்தார். ரூபாயில் பேசவில்லை, கொடுத்த கொலுசுக்கு வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும், கூலி தனி. இது எவ்வளவு சாதாரணமான ஏற்பாடு என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சிட்டையில், அதாவது அன்றாடக் கணக்குக் குறிப்பில், "10.000 — 70" என்று எழுதி, பக்கத்தில் கடைக்காரரின் சுருக்கொப்பம். நான் பிராதில், அதாவது வழக்கு மனுவில், என்ன எழுதினேன்? "பிரதிவாதி வாதிக்கு 10 கிலோ சுத்த வெள்ளி தர வேண்டியது." அந்த 70 ஏதோ நூல் எண் மாதிரி என்று நினைத்து விட்டுவிட்டேன். கட்சிக்காரரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் இது கூடத் தெரியாத வக்கீலா என்று நினைத்துவிடுவாரே என்ற கூச்சம்.

குறுக்கு விசாரணை வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். சிட்டையைக் காட்டி, "இந்த 70 என்னங்க?" என்றார். கட்சிக்காரர் உண்மையான மனிதர், பட்டென்று சொன்னார்: "டச்சுங்க." நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு அது. "அப்படின்னா பத்துக் கிலோ கொலுசுல சுத்த வெள்ளி எவ்வளவு?" "ஏழு கிலோங்க." "ஆனா பிராதுல பத்துக் கிலோ சுத்த வெள்ளி கேட்டிருக்கீங்களே?" கட்சிக்காரர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். அப்புறம் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "அது வக்கீல் எழுதினதுங்க."

பின் வரிசையில் எழுந்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது.

டிக்ரி கிடைத்தது, 7 கிலோவுக்கு. ஆனால் 3 கிலோ கூட்டிக் கேட்டவன் மற்றதிலும் கூட்டித்தானே சொல்லியிருப்பான் என்ற எண்ணம் தீர்ப்பு முழுக்கத் தெரிந்தது. கூலிக்கணக்கில் பாதி போயிற்று, வட்டி குறைந்தது, செலவுத்தொகை இல்லை. சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்தவும் லேசில் முடியாது. 2002-க்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே தெரிந்திருக்க முடியாது என்று காட்டினால்தான் திருத்தம். டச் என்றால் என்னவென்று செவ்வாய்ப்பேட்டையில் டீ குடிக்கிற எவரையும் கேட்டிருக்கலாமே. எந்த முகத்தோடு "கவனமாக இருந்தேன்" என்று மனு போடுவது?

அதற்கு அடுத்த மாதம் அதே கட்சிக்காரர் பட்டறையில் போய் இரண்டு நாள் உட்கார்ந்தேன். உருக்குவது, கம்பி இழுப்பது, பொடி வைத்துப் பற்ற வைப்பது, அரும்பு கோப்பது, மெருகு. கட்டி வெள்ளி உள்ளே வரும்போது ஒரு எடை, கொலுசாக வெளியே போகும்போது ஒரு எடை, நடுவில் சேதாரம். கூலியைப் பணமாக வாங்குகிறவர்கள் உண்டு. டச்சிலேயே ஏற்றி வெள்ளியாக வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. இது புரிந்த பிறகுதான் சட்டக் கேள்விகளே கண்ணில் பட்டன. வியாபாரி பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி ஒப்படைப்பா, விற்பனையா? ஒப்படைப்பு என்றால் வெள்ளி இன்னும் வியாபாரியுடையது. திருடு போனால் பட்டறைக்காரர் எவ்வளவு கவனம் எடுத்தார் என்று பார்க்க வேண்டும். விற்பனை என்றால் நஷ்டம் வாங்கியவர் தலையில். வெள்ளியையே கேட்டு வழக்குப் போட்டால், பொருள் கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் என்பதையும் டிக்ரியில் சொல்ல வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20, விதி 10. அந்தப் பணம் எந்தத் தேதி விலையில்? நஷ்டஈடு என்றால் ஒப்பந்தம் முறிந்த நாளின் சந்தை விலைதான் பொதுவான அளவுகோல். ஆனால் வழக்கின் மதிப்பு 3 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க, அசையும் பொருளுக்கு வழக்குப் போடும் நாளின் சந்தை விலை என்கிறது வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. ஒரே வெள்ளிக்கு இரண்டு தேதி, இரண்டு விலை. வெள்ளி ஏறுகிற வேகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டறையே போய்விடும்.

எந்தப் பாடநூலும் இந்தக் கேள்வியைக் கொலுசில் வைத்துக் கேட்காது. வகுப்பில் நாங்கள், எங்கள் மருந்துப் புகைக்குண்டைப் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் பணம் தருகிறோம் என்று ஒரு கம்பெனி செய்த விளம்பரம் பற்றிய வழக்கில்தான் ஒப்பந்தச் சட்டத்தைத் தொடங்குகிறோம். 1893-ஆம் வருடத்து லண்டன். அது தேவைதான், நானும் எடுக்கிறேன். ஆனால் சேலத்தில் முன்மொழிவும் ஏற்பும் தலையாட்டலில் முடிந்துவிடும். வாய்வழி ஒப்பந்தம் செல்லும் என்பதால் அதில் தப்பில்லை. வம்பெல்லாம் நிரூபிக்கிற இடத்தில் இருக்கிறது.

நிரூபிப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களிடம் வருகிற வியாபாரி மூன்று விதமான காகிதம் கொண்டுவருவார். ஜி.எஸ்.டி. பில் ஒன்று, அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சிட்டையும் பேரேடும் இன்னொன்று. ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகம் சாட்சியமாகும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 34, இப்போது 2023-ஆம் வருடச் சட்டத்தின் 28. கூடவே சரக்குப் போனதற்கு லாரி ரசீதோ, பணம் கொஞ்சம் வந்ததற்கு வங்கிப் பதிவோ வேண்டும். மூன்றாவது, துண்டுச் சீட்டுக் கற்றை, ரப்பர் பேண்ட் போட்டு. அவரைப் பொறுத்தவரை அதுதான் வேதம். உதிரித் தாள் கணக்குப் புத்தகம் ஆகாது என்று 1998-இல் வி.சி. சுக்லா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எதிராளி கையெழுத்து அதில் எங்காவது இருந்தால் அதன் எடை வேறு.

இப்போது நான்காவதாக வாட்ஸ்அப். "அண்ணா அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடறேன்" என்கிற செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார் ஒருவர். லேமினேஷனுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் தாக்கல் செய்பவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி, நடுவில் பதிவு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு. முக்கியமானது, அந்தப் போனை விற்றுவிடக் கூடாது. "புதுப் போன் வாங்கிட்டேன் சார், பழசை எக்ஸ்சேஞ்சில் போட்டுட்டேன்" என்ற வாக்கியத்தை நான் கேட்ட தடவைக்கு ஒரு ரூபாய் வைத்திருந்தால் ஏற்காட்டில் அரை ஏக்கர் வாங்கியிருப்பேன்.

தேதிகளைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. கடன் தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்; தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து 3 வருடம். நடுவில் எதிராளி கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம், ஆனால் பழைய 3 வருடம் முடிவதற்குள் அது நடந்திருக்க வேண்டும். காசோலை திரும்பினால், வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், எதிராளி கையில் அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். கூட்டு நிறுவனம் என்றால் பதிவு செய்ததா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள்மீது வழக்குப் போட முடியாது, போட்ட பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. "அண்ட் பிரதர்ஸ்" என்று போர்டு போட்ட கடையில் சட்டப்படி பிரதர்ஸ் இருக்கிறார்களா என்று விசாரிப்பது வக்கீல் வேலைதான்.

வணிக வழக்கு என்று ஆகிவிட்டால் இன்னும் நெருக்கடி. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும், பிரிவு 12ஏ. போகாமல் போட்ட பிராது நிராகரிக்கப்படும் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. அதைத் தாண்டுவதற்காகப் பொய்யாக ஒரு தடையாணை மனுவைச் சேர்த்துப் போடுகிற வித்தையும் இப்போது எடுபடுவதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு போட்டால் எதிராளிக்கு நோட்டீஸ் போகும். பாதிப் பேர் வருவதே இல்லை. வரவில்லை என்று அறிக்கை வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாம், அந்த நாட்கள் காலவரம்பில் கழிந்துவிடும். வருகிற மீதிப் பேரிடம் எனக்கு ஒரு அனுபவம்: வெள்ளிக்காரர்களும் மண்டிக்காரர்களும் மேசையில் உட்கார்ந்தால் அசலைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேல் சண்டை போடுவதில்லை. "அன்னிக்குக் கடைக்கு வந்து அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினாரே" என்பதில்தான் ஒரு மணி நேரம் போகும். அது தீர்ந்தால் பணம் தீரும்.

பிரதிவாதி பக்கம் நின்றால் 30 நாளுக்குள் எதிருரை. கோர்ட் மனது வைத்தால் 120 நாள் வரை. 121-ஆவது நாள் நீதிபதி நினைத்தாலும் ஏற்க முடியாது. 2019-இல் முடிவான விஷயம். இரண்டு தரப்பும் கையிலிருக்கும் ஆவணத்தையெல்லாம் முதலிலேயே போட்டுவிட வேண்டும், சட்டைப்பையில் சீட்டு வைத்துக்கொண்டு விளையாட முடியாது. உங்களுக்கு இது நல்லது, தம்பி. நீட்டி முழக்கிப் பழகியவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். புதிதாக வருகிறவருக்குத் தடுமாற எதுவும் இல்லை.

இரண்டும் உருப்படுமா என்று கேட்டீர்கள். நேரக் கணக்கை முதலில் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள், காலையில் முதல் வகுப்பு. முடித்துவிட்டு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு 10.30-க்குள் வந்து சேர வேண்டும். ரயில்வே கேட், மழை, நாலு ரோட்டுச் சிக்னல் எதுவும் நீதிபதிக்குச் சொல்லக்கூடிய காரணமில்லை. சாட்சி விசாரணை இருக்கிற நாளில் வகுப்பு எடுப்பதில்லை என்று முதல் வருடமே கல்லூரியில் பேசிவிட்டேன். பணம்? மணிக்கு இவ்வளவு என்று தருவது பெட்ரோலுக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போகும். பணத்துக்காக என்றால் வர வேண்டாம்.

நான் போவது எதற்கு என்றால், மாணவர்களுக்குக் கூச்சம் கிடையாது. கட்சிக்காரரிடம் 70 என்றால் என்ன என்று கேட்க நான் கூச்சப்பட்டேனே, அந்த நோய் அவர்களுக்கு இல்லை.

பிராது எழுதும் பயிற்சி வகுப்புக்கு ஒருமுறை மிளகு ஒப்பந்தம் ஒன்றை நகலெடுத்துக் கொண்டுபோனேன். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் கொடியின் மிளகை ஒரு பருவத்துக்கு ஒருவருக்கு விட்ட தாள். முடிந்து நாலு வருடம் ஆன விவகாரம், பெயர், சர்வே எண் எல்லாம் கறுப்படித்தது. நடப்பு வழக்கை வகுப்பில் பேசக் கூடாது. கட்சிக்காரர் ரகசியம் காப்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126, இப்போது 132, எந்த எண்ணிலும் அது அதேதான். தாளின் தலைப்பு "மிளகு குத்தகை உடன்படிக்கை". மழை அதிகமாகி மிளகு கொட்டிப்போய், குத்தகைக்காரர் மீதிப் பணம் தர மறுத்தார். கேள்வி: இது நிலக் குத்தகையா, பொருள் விற்பனையா? விவசாய நிலக் குத்தகை என்றால் வணிக வழக்கில் வராது. வணிகத்துக்கே பயன்படுகிற அசையாச் சொத்து பற்றிய ஒப்பந்தம்தான் வரும் என்று 2019-இல் அம்பாலால் சாராபாய் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். விற்பனை என்றால் வரும்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தலைப்பிலேயே குத்தகை என்று இருக்கிறதே என்று பாதிப் பேர். பொருள் விற்பனைச் சட்டத்தின் 2(7)-இல், பறித்துத் தருவதாகப் பேசிய விளைச்சலும் "பொருள்"தான் என்று மீதிப் பேர். கடைசி பெஞ்சில் ஒரு பெண், வீடு மலையில், நாகலூர்ப் பக்கம். அதுவரை வாய் திறக்கவில்லை. எழுந்து கேட்டாள்: "சார், இதுல ஏணி யாரு கொண்டுவரணும்னு போட்டிருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாளைப் பார்த்தேன். போட்டிருந்தது. ஏழாவது பத்தி: ஏணி, சாக்கு, ஆள் எல்லாம் எடுப்பவர் பொறுப்பு, வேலை முடிந்ததும் அன்றன்றைக்கே ஏணியை எஸ்டேட்டை விட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அவள் விளக்கினாள்: "எங்க ஊர்ல தோட்டத்தையே குத்தகைக்கு விட்டா அவர் பொருள் எல்லாம் உள்ளேயே கிடக்கும் சார், ஷெட்டுச் சாவியும் அவர்கிட்ட இருக்கும். இதுல ஏணியைக்கூட ராத்திரி உள்ள விடல. காபிச் செடியையும் தொட முடியாது. நிலம் இவர் கைக்கு வரவே இல்லையே."

குத்தகைக்கும் வெறும் அனுமதிக்கும் உள்ள வித்தியாசம், தனித்த சுவாதீனம் என்று 1959-ஆம் வருடத்துத் தீர்ப்பிலிருந்து நாங்கள் எழுதிப்போடுகிற அத்தனையும் அந்த ஏணியில் இருந்தது. அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களும் தலைப்பை வைத்தே மாதக்கணக்கில் மோதிக்கொண்டோம். ஆமாம், ஒரு பக்கம் நான். ஏழாவது பத்தியை நானும் படித்திருந்தேன், ஏணி கண்ணில் படவில்லை.

கல்லூரியால் தொழிலுக்கு என்ன லாபம் என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. தொழிலால் கல்லூரிக்கு லாபம் உண்டா? உண்டு, ஆனால் ஒரு கெட்ட பழக்கமும் கூட வரும். கோர்ட்டில் எதிர்த்தரப்பின் வாதத்தை மட்டம் தட்டிப் பேசியே பழகிய வாய், வகுப்பில் இரண்டு பக்கத்தையும் ஒரே தெம்போடு சொல்ல மறுக்கும். நான் தோற்ற தீர்ப்புகளை மாணவர்களிடம் கொஞ்சம் காரமாகத்தான் நடத்துகிறேன் என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள்.

சென்னை விஷயம். சேலத்தில் இல்லாதவை உண்டு, மறைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவு அங்கேதான். கம்பெனித் தீர்ப்பாயம் அங்கே. திவால் சட்டத்தின் கீழ் போக வேண்டுமானால் 2020-லிருந்து பாக்கி ஒரு கோடியாவது இருக்க வேண்டும், அந்த வழக்கு வந்தால் பயணம்தான். மாவட்ட நீதிபதி நிலையில் முடிந்த வணிக வழக்கின் மேல்முறையீடும் 60 நாளுக்குள் சென்னையில்தான். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, மேல் பெர்த்தில் கட்டைப் பிரித்து வைத்துப் படித்து, காலையில் சென்ட்ரலில் முகம் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது எங்கள் ஊர் வக்கீல்கள் பலருக்கும் பழகிய விஷயம். 1900-இல் ராஜாஜி தொழில் தொடங்கியது சேலத்தில்தான் என்று பாரில் பெருமையாகச் சொல்வோம். அவர் காலத்தில் 120 நாள் கெடு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் யோசனை, முதல் மூன்று வருடம் இங்கே இருங்கள். சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிற வாய்ப்பு மாவட்டக் கோர்ட்டில் சீக்கிரம் கிடைக்கும். சென்னையில் பெரிய அலுவலகத்தில் சேருகிற ஜூனியருக்கு அது கைக்கு வர வெகுநாளாகும். அப்புறம் இரண்டு வருடம் சென்னையில் நல்ல சீனியரிடம் இருந்து, பெரிய வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். திரும்பி வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொல்லி, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000. சேலம் அந்த மற்றதில் வருகிறது. எல்லாச் சீனியரும் தருகிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், சேரும்போது அவரையே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சிட்டையை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் என்ன, யார் எழுதியது, எதிராளி கையெழுத்து இருக்கிறதா, 3 வருடம் எப்போது முடிகிறது என்று கேட்டு எழுதுங்கள். அப்பாவுக்கே பதில் தெரியாத வரி ஒன்றாவது இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, பெயர்களைக் கறுப்படித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் அலுவலகத்துக்கு வாருங்கள்.